கமாண்டே கேட்ட பெரிய பர்னர்

“பெரிசாவே குடுங்கம்மா. காசு குடுக்கப் போறது நான்தானே?” என்றார் கமாண்டே.

கென்யாவில் திக்கா என்ற ஊரில் பள்ளி விடுதிகளுக்கு இரும்புக் கட்டில் செய்பவர் அவர். ஜனவரியில் பள்ளிகள் திறப்பதற்குள் தலைக்கு மேல் வேலை. பவுடர் பெயின்ட் பூசிய கட்டில்களைச் சூடான காற்றில் வைத்து எடுக்கும் ஓவனுக்குப் புது கேஸ் பர்னர் வேண்டுமென்று நைரோபியில் ஒரு கம்பெனிக்குச் சொல்லியிருந்தார். வந்து நின்ற எஞ்சினியர் நங்கிலாவோ விற்க வந்தவள் மாதிரியே பேசவில்லை.

“இப்ப இருக்கறதே ரெண்டு பங்கு பெரிசு சார். இதுல பாதி போதும்.”

“பாதியா! இதுலயே ஒரு கட்டில் கருகுது, ஒண்ணு காயவே மாட்டேங்குது. விளையாடறீங்களா?”

“பெரிசா இருக்கறதாலதான் அப்படி. மளமளன்னு சூடேறினதும் அணைஞ்சுடுது. ஆறினதும் மறுபடி பத்த வைக்கணும். ஒவ்வொரு தடவையும் உள்ள தேங்கின கேஸை ஃபேன் வெளியே தள்ளின பிறகுதான் பத்தணும். அதுக்குத்தான் டைமர். உங்க ஆளுக்குப் பொறுமை இல்ல. வயர் போட்டு டைமரையே ஏமாத்தியிருக்கார்.”

ஓவன் பக்கத்தில் நின்ற பராசா தலையைக் குனிந்துகொண்டான். ஆள் ஆஜானுபாகு. ஆனால் ஒரு பக்கப் புருவத்தைக் காணோம்.

“கட்டில் வரிசையில நிக்குதுங்க மேடம். எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?”

“கட்டில் நிக்கட்டும். அந்தப் புருவம் எங்க போச்சு?”

பராசா அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். கமாண்டேதான் குறுக்கே புகுந்தார். “போன வாரம் டமார்னு ஒரு சத்தம். பெரிசா ஒண்ணும் இல்லம்மா.”

“வீட்ல என்ன சொன்னீங்க?” அவள் பராசாவை விடுவதாக இல்லை.

“பார்பர் கை தவறிடுச்சுன்னு சொன்னேன்.”

“நம்பிட்டாங்களா?”

“நம்பிட்டாங்கன்னுதான் நெனச்சேன்.”

கமாண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். “குடுத்து வச்சவன்டா நீ! எனக்கும் வாய்ச்சிருக்காளே ஒருத்தி, டீ குடிச்சேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டா.”

நங்கிலா சிரிக்கவில்லை. “சார், நான் சொல்ற சின்ன பர்னர் சுடரைத் தானே கூட்டிக் குறைச்சுக்கும். காலையில பத்த வச்சா சாயங்காலம் வரைக்கும் அணையாது. இவர் அடிக்கடி அதுகிட்ட போக வேண்டியதே இல்ல.”

“விலையைப் பாத்தேன். சின்னதுன்னு பேரு, விலை மட்டும் யானை விலை. நாளைக்கு இன்னொருத்தன் வரான். இதைவிடப் பெரிசு, பாதி விலைக்குத் தரேங்கறான்.”

“அதையே வாங்குங்க முதலாளி,” என்றான் பராசா. “எனக்குப் பழகிடுச்சு. நான் சமாளிச்சுக்குவேன்.”

“நீங்க வாயை மூடுங்க!”

பட்டறையே திரும்பிப் பார்த்தது. யாருக்கும் அடங்காத பராசா, அடித்து வைத்தாற்போல நின்றான். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி தன் ஆளை இப்படி அதட்டுவது கமாண்டேவுக்குச் சுருக்கென்றது. ஏதோ சொல்ல வந்தவர், அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“என்கிட்ட வாங்க வேண்டாம் சார்,” என்றாள். “யார்கிட்ட வேணும்னாலும் வாங்குங்க. ஆனா அளவானதா வாங்குங்க. அந்த வயரை இப்பவே பிடுங்குங்க. அடுத்த தடவை புருவத்தோட நிக்காது.”

கமாண்டே அப்போதுதான் பராசாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு வாரமாக எதிரிலேயே நிற்கிற முகம்தான். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வயரைப் பிடுங்குடா,” என்றார். “உங்க சின்னதையே அனுப்பி வைங்கம்மா. கட்டில் லேட்டானா ஹெட்மாஸ்டருங்ககிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன்.”

நங்கிலா பெருமூச்சு விட்டுப் பையை எடுத்தாள்.

“மழை வர்ற மாதிரி இருக்கு. வாங்க, பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விடறேன்,” என்றார் கமாண்டே.

“வேண்டாம் சார், இவர் வேலை முடியற வரைக்கும் இருக்கேன்,” என்று பராசாவைக் காட்டினாள். “இங்க ஸ்டோர்ல கிளார்க்கா இருக்கறதாத்தான் கல்யாணம் ஆனதுலேருந்து என்கிட்ட சொல்லிட்டிருக்கார்.”