அரை மணி நேரக் காவல்

"மாத்திரை போட்டாச்சு. வந்து உட்காரும்மா."

காலை ஆறு மணிக்கு மாமனார் கூப்பிட்டால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மருமகள் வந்து ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

அவருக்கு வயிற்றுப்புண். முட்டி வலிக்கு யாரையும் கேட்காமல் வலி மாத்திரையாக வாங்கி விழுங்கித் தேடிக்கொண்ட வினை. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி கழித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமனாரோ பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருபத்தொன்பது நிமிஷமெல்லாம் அரை மணியாகாது.

அதோடு விட்டாரா? எதிரே காவலுக்கு ஆள் இல்லாவிட்டால் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடுமாம். அடுப்பிலிருந்து வாசனை வந்தால் பசி கிள்ளுமாம். அதனால் ஆறரை வரை அடுப்பும் பற்ற வைக்கக் கூடாது, மருமகள் எழுந்திருக்கவும் கூடாது.

அவள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி விரித்துக் காட்டுகிறவள். விடியுமுன் எழுந்து துவைத்து, பெருக்கி, அப்புறம்தான் இந்தக் காவல்.

வெளியே பனியில் தெரு பாதி கரைந்து கிடக்கும். திரைச்சீலை மெல்லப் பொங்கும், அடங்கும். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பழைய பஸ் நேரங்களை முணுமுணுப்பார்.

"ஆறு அஞ்சு, ஏரிக்கரை வண்டி. ஆறு பத்து, மில்லு வண்டி. ஆறு பதினஞ்சு..."

அவளுக்குக் கண் செருகும். பனிக்குள்ளிருந்து பஸ்கள் ஓசையில்லாமல் வரும். எல்லா ஜன்னலோர இருக்கையும் காலியாக இருக்கும். ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் கேட்க யாரும் வரமாட்டார்கள், இறங்கச் சொல்லவும் மாட்டார்கள். முகத்தில் காற்று மட்டும் பட்டுக்கொண்டே இருக்கும். எங்கே போகிறது என்று அவள் கேட்டதே இல்லை.

போர்வைக்குள் படுத்தபடி அந்த முணுமுணுப்பைக் கேட்கும்போதெல்லாம் கணவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறரை வரை டீ கிடையாது என்பதும் அதில் ஒரு காரணம்தான். ஆனாலும் மனைவிக்காகவே பொங்குவதாக அவன் மனசார நம்பினான். மாமனாராக இருந்தால் இப்படியா ஆட்டி வைப்பது என்று அவளிடமே பலமுறை புலம்பியிருக்கிறான். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு நாள் மாலை, அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்குமே என்று மருந்துக்கடையில் கேட்டான். கடைக்கார அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எட்டு வாரத்துக்குத்தானே டாக்டர் எழுதினாரு. புண் ஆறிடுச்சு, நிறுத்தச் சொல்லிட்டாருன்னு உங்கப்பாவே வந்து சொல்லி ரெண்டு மாசம் ஆகுது. டாக்டரைக் கேக்காம நாமளா போட்டுக்கிட்டே இருக்கற மாத்திரை இல்லப்பா இது."

வீடு வரும்வரை அவனுக்கு மனசு ஆறவில்லை. ரெண்டு மாசமாக இல்லாத மாத்திரைக்கு ஒரு காவல். அதற்கு அவள் பலி.

மறுநாள் போர்வையை உதறிவிட்டு எழுந்தான். ஆறு இருபதுக்கு அப்பாவின் முன்னால் போய் நின்றான். அங்கே ஒரு டம்ளர் மட்டும் இருந்தது.

"மாத்திரை எங்கப்பா?"

"வெறும் தண்ணிதான்." அவர் அசரவே இல்லை. "கடையில விசாரிச்சுட்டியா?"

"எல்லாம் ஆறிப் போச்சுல்ல? அப்புறம் எதுக்கு இவளை தினமும் பிடிச்சு உட்கார வச்சு..."

"மெதுவா பேசு."

அப்போதுதான் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள். முட்டி வலிக்கு அப்பா கால் நீட்டிக்கொள்ளும் ஸ்டூல் அவள் பக்கம் நகர்ந்திருந்தது. அதன்மேல் தலையணை போட்டு, வீங்கிப்போன அவள் கால்கள். இந்த வீக்கத்தை இவன் இதுவரை கவனித்ததே இல்லை.

அப்பா தணிந்த குரலில் சொன்னார். "கொஞ்சம் உட்காரும்மான்னு சும்மா சொன்னா உட்காருவாளா? எனக்கு வியாதின்னாத்தான் உட்காருறா. என் வயித்துக்கு எட்டு வாரம் போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவ காலுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு இருபத்தொண்ணு. அவ எழுந்திருக்க இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்கு. சத்தம் போடாமப் போய் டீயைப் போடு."