மடங்கும் பிளேடு

"அண்ணனைக் கொன்னவனையே மறுபடியும் டிராக்டர்ல ஏத்துவீங்களா அண்ணி? உங்களுக்கு மனசு எப்படி வருது?"

சென்னகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் ராஜப்பனின் பழைய இரும்புக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஓசூர் சந்தை நாள் வேறு.

வெங்கடம்மாள் கொழுந்தனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரியப்பா, உள்ள வா."

கரியப்பன் குனிந்த தலையோடு வந்தான். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் இரண்டடி விலகிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால், மூக்கண்டப்பள்ளி பக்கம் அவர்கள் தோட்டத்தில் மேட்டைச் சமன் செய்துகொண்டிருந்தபோது, டிராக்டரின் முன்னால் மாட்டியிருந்த, மண் தள்ளும் இரும்பு பிளேடு மண்ணுக்குள் இருந்த பாறையில் மோதியது. டிராக்டர் கவிழ்ந்தது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மாளின் கணவர் திம்மப்பன் அடியில் சிக்கி அங்கேயே போய்விட்டார். ஓட்டிய கரியப்பன் தூர விழுந்து பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

அந்த டிராக்டர் பழுது பார்க்கப்பட்டு இப்போது ராஜப்பன் கடை முற்றத்தில் நின்றது. அதற்கு ஒரு பிளேடு வேண்டும்.

ராஜப்பன் இரண்டைக் காட்டினார். ஒன்று அகலமானது. புதுப் பெயின்ட் பளபளத்தது. இன்னொன்று சிறியது, துருப்பிடித்தது.

"இந்தச் சின்னது பட்டாளத்து ஏலத்துல வந்தது. சீமையில ரோட்டுல கொட்டற பனியைத் தள்ளறதுக்குச் செஞ்சதாம்."

"இங்க எதுக்கு? மார்கழிப் பனியைத் தள்ளவா?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

வெங்கடம்மாள் சிரிக்கவில்லை.

"எது வேணும், கரியப்பா?"

"நீங்களே பாத்து எடுங்கம்மா."

"உன்னத்தான் கேட்டேன்."

"வேணாம்மா. நான் டிராக்டரைத் தொட்டு ஆறு மாசமாச்சு."

"சொல்லு!"

அவள் அதட்டினாள். கூடையோடு நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "புருசன் செத்த கோவத்த இவன் மேல தீர்த்துக்கறா. இப்படி நாலு பேர் முன்னால வெச்சா வதைக்கறது?"

கரியப்பன் மெல்ல உட்கார்ந்தான். அகலப் பிளேடைப் பார்த்தான், வேண்டாமென்று விட்டான். துருப்பிடித்ததைச் சுற்றி வந்து பார்த்தான். அதன் பின்னால் இரண்டு பெரிய ஸ்பிரிங் இருந்தன. இரண்டையும் அழுத்திப் பார்த்தான்.

"இது போதும்மா."

"ஏன்?"

"கல்லுல பட்டா இதோட அடிப்பக்கம் பின்னால மடங்கிக் குடுக்கும். டிராக்டரைத் தூக்காது. அந்த அகலமானது மடங்காது."

"மடங்கற பிளேடு மண்ணை எப்படிடா தள்ளும்?" சென்னகிருஷ்ணன் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். "அண்ணன் போதாதுன்னு இன்னும் யாரைச் சாவடிக்கப் பாக்கற?"

"ஸ்பிரிங்கை முறுக்கி வெச்சா மண்ணுக்குத் தாங்கும் சாமி. கல்லுக்குத்தான் மடங்கும்."

"தம்பி, கையை எடு" என்றாள் வெங்கடம்மாள். குரல் உயரவில்லை. ஆனால் சென்னகிருஷ்ணன் கையை எடுத்துவிட்டான்.

நாலு பேர் சேர்ந்து துருப்பிடித்த பிளேடை டிராக்டரில் மாட்டினார்கள். முற்றத்து மூலையில் பாதி புதைந்த பாறை ஒன்று இருந்தது. வெங்கடம்மாள் அதைக் காட்டினாள்.

"ஏறு. அதுல கொண்டுபோய் மோது."

"அம்மா..."

"ஏறுன்னேன்."

கரியப்பன் ஏறினான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். இஞ்சின் உறுமியதும் கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. யாரோ ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிராக்டர் நகர்ந்தது. பாறையை நெருங்கியது.

ணங்கென்று ஒரு சத்தம். பிளேடின் அடிப்பக்கம் பின்னால் மடங்கி, பாறை மேல் ஏறி வழுக்கியது. டிராக்டர் லேசாகக் குலுங்கி நின்றது. சக்கரம் ஒரு விரற்கடை கூடத் தரையை விட்டு எழவில்லை. அவன் பின்னுக்கு எடுத்ததும் பிளேடு தானாக நிமிர்ந்துகொண்டது.

கூட்டம் மூச்சு விட்டது. "அடேயப்பா!" என்றார் ராஜப்பன்.

சென்னகிருஷ்ணனுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"பாத்தீங்களா? எல்லாம் தெரிஞ்சவன்! மடங்காத பிளேடு டிராக்டரைத் தூக்கிடும்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு அதை மாட்டிக்கிட்டுப் போயிருக்கான். கேளுங்க, ஏன்டா மாட்டினேன்னு கேளுங்க!"

எல்லோரும் கரியப்பனைப் பார்த்தார்கள். அவன் டிராக்டரிலிருந்து இறங்கி, சக்கரத்தைப் பிடித்தபடி நின்றான்.

"பேசறானா பாருங்க!"

வெங்கடம்மாள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"இவன் பேசமாட்டான், தம்பி. அந்தப் பழைய பிளேடை வாங்கப் போனப்ப, பெங்களூர் ஏலத்துல ஸ்பிரிங் வெச்சதைத்தான் இவன் காட்டினான். 'மத்தது ஆபத்தும்மா'ன்னு கும்பிட்டுக்கூடச் சொன்னான். வேலை சீக்கிரம் முடியும், அகலமானதுதான் வேணும்னு உங்க அண்ணன்கிட்ட அடம் புடிச்சு வாங்க வெச்சது நான். ஆறு மாசமா ஊரே இவனைக் கொலைகாரன்னு ஏசிச்சு. அதை இவனும் சொல்லலை... நானும் சொல்லலை."