எட்டாவது கிலோமீட்டர்

தேரூர்க் குளத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரம் போட்டிருந்த மேஜையில் பேப்பர் கப்புகளை நான்காவது முறையாக அடுக்கினார் முத்துக்குமாரசாமி.

முதல் தடவை அடுக்கியதே சரியாகத்தான் இருந்தது. கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. பத்து கிலோமீட்டர் ஓட்டம். வழியில் தண்ணீர் கொடுக்க மூன்று மேஜைகள். மூன்றாவது கிலோமீட்டரில் ஒன்று, ஆறாவதில் ஒன்று, எட்டாவதில் இவருடையது.

ஓடுகிறவர்கள் பட்டியலில் ‘வடிவாம்பாள், வயது 56’ என்று பார்த்த அன்றைக்கே, எட்டாவதில் நான் நிற்கிறேன் என்று ஓடுகிறவர்களும் உதவிக்கு நிற்கிறவர்களும் இருக்கிற வாட்ஸப் குழுவில் பெயர் கொடுத்துவிட்டார். எட்டு கிலோமீட்டர் ஓடிவந்தால் எப்பேர்ப்பட்ட வீம்புக்காரிக்கும் நாக்கு வறண்டுதானே ஆக வேண்டும்?

வடிவாம்பாள் அவருடைய கூடப்பிறந்த அக்கா. பேசி நாலு வருஷம் ஆகிறது.

எல்லாம் ஒரு பந்தியால் வந்த வினை.

மகள் அஸ்வதியின் கல்யாணம். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரரை, அத்தானை, மாப்பிள்ளை வீட்டாருக்கு இடம் போதவில்லை என்று யாரோ ஓர் இளவட்டம் எழுப்பிவிட்டான். இலையில் அவியல்கூட விளம்பியாகிவிட்டது.

பொண்ணுக்கு மாமா என்று அந்த இளவட்டத்துக்குத் தெரியாது. முத்துக்குமாரசாமிக்குத் தெரியும். பாயச வாளியோடு நாலடி தள்ளித்தான் நின்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் எதற்கு வம்பு என்று வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து இலையில் இருந்த அக்கா, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

“இனி உன் வீட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டையில எறங்காதுலே.”

சொன்னால் சொன்னதுதான். அடுத்த வருஷம் அப்பாவின் திதிக்கு அவர் வீட்டுக்கு வந்தவள், தன் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அதைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரமாக முத்துக்குமாரசாமி வக்கீல் மாதிரி யோசித்திருந்தார். இந்தக் கேன் தண்ணீர் ஓட்டம் நடத்துகிறவர்கள் வாங்கியது. அவர் வீட்டுத் தண்ணீர் அல்ல. அக்கா இதைக் குடித்தால் அவள் பேச்சும் கெடாது. இவர் கையால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததாகவும் ஆகும். அதற்குமேல் ஆசைப்பட அவருக்குத் தைரியம் இல்லை.

இளசுகள் முதலில் வந்தார்கள். கப்பைப் பிடுங்கி, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நடுவயசுக்காரர்கள் வந்து நின்று குடித்து, மேஜையில் இருந்த மட்டி வாழைப்பழமும் தின்றுவிட்டுப் போனார்கள். வெயில் ஏறிவிட்டது.

கடைசியாக அவள் வந்தாள். டாக்டர் நடக்கச் சொன்னார், இவள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். பின்னால், கடைசி ஆளுக்குத் துணையாக, ஓட்டம் நடத்துகிறவர்களில் ஒருவனான அபிலாஷ் சைக்கிளை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

அவள் முகம் வெளுத்திருந்தது. உதடு ஒட்டிப்போயிருந்தது.

முத்துக்குமாரசாமி கப்பை நீட்டினார்.

அவள் நின்றாள். கப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாங்கவில்லை.

சரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் யாருடையதாக இருந்தால் என்ன, கை தன்னுடையது அல்லவா? அதை யோசிக்க மறந்துவிட்டோமே!

அவள் பார்வை மேஜை மூலைக்குப் போயிருந்தது. அங்கே அவருடைய சொந்த எவர்சில்வர் பாட்டில் இருந்தது. காலையில் மனைவி சீரகம் போட்டுக் காய்ச்சி நிரப்பிக் கொடுத்தது. அஸ்வதி கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பாட்டில். பொண்ணு மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் அதில் பொறித்திருக்கும்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். பொறித்திருந்ததைப் படித்தாள். மூடியைத் திருகினாள்.

அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தாள். மூச்சுவிடாமல், கடைசிச் சொட்டு வரை.

“உன் பொண்டாட்டி இன்னும் சீரகத்த அள்ளித்தான் போடுதாளா?”

பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

முத்துக்குமாரசாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல எத்தனையோ இருந்தது. அவள் இருபதடி போன பிறகுதான், நாலு வருஷத்துக்கு முன்னால் திறந்திருக்க வேண்டிய வாய் திறந்தது.

“எக்கா, மத்தியானம் அத்தானக் கூட்டிட்டு வா! மொத எல அத்தானுக்குத்தான்!”

பால்கார சத்தியநேசன் பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, சரி போ என்பதுபோல ஆட்டிவிட்டு ஓடினாள்.

அபிலாஷ் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

“நல்லவேள அண்ணாச்சி, இங்கயாவது குடிச்சாவ. மூணுலயும் ஒரு சொட்டு தொடல, ஆறுலயும் தொடல. மயங்கி விழுந்திருவியன்னு கெஞ்சிப் பாத்தேன். எட்டுல என் தம்பி நிக்கான், அங்க போயி குடிச்சுக்கிடுதேன்னுட்டாவ.”