இத்தா முடிந்த மறுநாள்

இத்தா முடிந்த மறுநாளே நூருன்னிஸா ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று கடைப் பையன் இத்ரூஸ் வந்து சொன்னபோது, ஸஹாப்தீன் கடையில் ஜாதிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை அப்படியே கீழே வைத்தார்.

கணவன் இறந்து நாலு மாதத்துக்கு மேலாக வாசல் தாண்டாமல் இருந்தவள். அதுவரை ஊரே மெச்சியது. இப்போது தங்கை மஸீஹாவையும் கூட்டிக்கொண்டு, காலையிலேயே இ.போ.ச. பஸ்ஸைப் பிடித்து அலுவிகாரைப் பக்கம் போயிருக்கிறாளாம். அங்கே அவளுக்குச் சொந்தமும் இல்லை, சோலியும் இல்லை.

"சும்மா பாத்துட்டு வரப் போறேன்னு சொன்னாவாம், முதலாளி," என்றான் இத்ரூஸ். அந்தச் 'சும்மா'வை அவன் இழுத்த இழுப்பிலேயே பாதி மாத்தளைக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது தெரிந்தது.

நூருன்னிஸா வேறு யாருமல்ல, ஸஹாப்தீனின் அண்ணன் லாபிரின் மனைவி. பல்லேபொலயில் வாப்பா விட்டுப்போன பாக்குத் தோட்டத்தைப் பங்கு போட்டபோது அண்ணன் தம்பிக்குள் முறுகிக்கொண்டது. அண்ணனை 'நானா, நானா' என்று கூப்பிட்டுப் பின்னாலேயே திரிந்த தம்பியின் வாய் அதோடு மூடிக்கொண்டது. அண்ணன் இறந்தபோது ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றார், அவ்வளவுதான். ஆனால் குடும்ப மானம் என்று வந்துவிட்டால், பேச்சு வார்த்தை இல்லாதவருக்கும் அதில் பங்கு உண்டல்லவா? கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

அலுவிகாரையில் ஒரு பெரிய பாறையின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் முக்காடு பறந்துகொண்டிருந்தது. நூருன்னிஸா ஒரு கொக்கோப் பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையை உறிஞ்சி, கொட்டையைத் தூரத் துப்பினாள். மதரஸாவுக்கு ஒளித்துத் திரியும் பிள்ளைகள் செய்கிற வேலை.

மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்த ஸஹாப்தீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். அன்று மாலை மகரிப் தொழுகை முடிந்ததும் நிர்வாகத்தைக் கூட்டி, நாலு பேர் முன்னால் இவளை விசாரித்தே ஆவதென்று அங்கேயே முடிவு கட்டினார்.

அவர்கள் திரும்பப் பஸ் ஏறவில்லை, நடந்தார்கள். சுது கங்கையில் இறங்கிக் கால் நனைத்தார்கள். மாரியம்மன் கோயில் வீதியில் அவித்த கடலை வாங்கிக் கொறித்தார்கள். உச்சி வெயிலில் டவுன் ஹோட்டல் ஒன்றில், திரை போட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

ஸஹாப்தீன் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில், காய்ந்த பனிஸ் ஒன்றைப் பிளேன்டீயில் தோய்த்துத் தின்றபடி காவல் இருந்தார். நெய்ச்சோற்று வாசனை தெருவைத் தாண்டி வந்தது. அந்தப் பசிக் கோபத்தையும் அவள் தலையிலேயே போட்டார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, மனைவி ஸரீனாவிடம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். அவர் தொப்பியை எடுத்துப் பள்ளிக்குப் புறப்படும்போது வாசலில் ஆள் அரவம் கேட்டது. நூருன்னிஸாதான்.

வழக்கப்படி அவள் கதவுத் திரைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். கையை மட்டும் நீட்டி, ஸரீனாவிடம் ஒரு கூடையைக் கொடுத்தாள். உள்ளே கொக்கோப் பழம், கடலைச் சுருள், வாழையிலையில் கட்டிய நெய்ச்சோறு.

"தம்பிக்குக் குடுங்க. அவரோட நானா குடுத்ததுன்னு வச்சிக்கச் சொல்லுங்க."

மௌத்தானவர் எப்படிக் கொடுப்பார் என்று ஸஹாப்தீன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

நூருன்னிஸா நிதானமாகச் சொன்னாள். சின்ன வயதில் ஒரு நாள், மதரஸாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, லாபிர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார். பாறையில் ஏறி, கொக்கோ உறிஞ்சி, ஆற்றில் இறங்கி, கோயில் வீதியில் கடலை தின்று, கடைசியில் வாப்பாவின் கூட்டாளி வைத்திருந்த ஹோட்டலில் நெய்ச்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். நடக்க முடியாமல் அழுத தம்பியை வீடு வரை தோளில் சுமந்து வந்தாராம். வாப்பாவின் பிரம்படியையும் தான் ஒருவரே வாங்கிக்கொண்டாராம்.

"படுக்கைல கெடக்கிறப்போ இதே பேச்சுத்தான். தம்பியோட இன்னொரு நாள் அப்படிச் சுத்தணும், அதே எடத்துல சாப்பிடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்கு ஏலாமப் போச்சி. அதான் இத்தா முடிஞ்சதும் நான் போனேன். நீங்க காலைலேர்ந்து பின்னால வந்ததையும் பாத்தேன் தம்பி. அவங்க ஆசைல பாதியாவது நடக்குதேன்னு நெனச்சிக்கிட்டேன்."

ஸஹாப்தீன் மெல்ல உட்கார்ந்தார். அந்த நாள் அவருக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. அண்ணன் சாகும் வரை மனதில் வைத்திருந்ததை இவர் மறந்தே போயிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவு ஆசை இருந்திருந்தா, நானா ஒரு தரம் இங்க வந்திருக்கலாமே, மதினி?"

ஸரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து நூருன்னிஸா சொன்னாள்:

"வந்தாங்களே தம்பி. போன ஹஜ்ஜுப் பெருநாள் காலைல, நான் நிக்கிற இதே எடத்துலதான் நின்னாங்க. ஊட்ல இல்லன்னு சொல்லி அனுப்புன்னு நீங்க உள்ளுக்கிருந்து ஸரீனாகிட்ட சொன்னது, அவங்க காதுலயும் விழுந்திச்சி."