பின்னறைத் திரை

'சண்முகவடிவு வேலையில் இருக்கிறாள், பொறுக்கவும்' என்றது திரை.

கோப்பு திறக்கிறதா என்று இன்பராஜ் மறுபடி தட்டிப் பார்த்தான். அதே வரிதான்.

அந்த வரியை எழுதியவனே அவன்தான். ஒரே கோப்பை முன்னறையில் அவனும் பின்னறையில் அவளுமாகத் திறந்து, அவள் அடித்ததன்மேல் அவன் அடித்து நாசமாக்கிய ஒரு நாளில், அவள் சண்டை போட்டு எழுத வைத்தது.

வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். நடு அறையில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னறையிலும் பின்னறையிலும் இருப்பவை வெறும் திரையும் விசைப்பலகையும்தான். வென்டிலேட்டர் வழியாக வயர் போகிறது. எந்த அறையில் தட்டினாலும் வேலை நடப்பது நடு அறையில். அருப்புக்கோட்டையில் கரண்டு போகும் போக்குக்கு, அதற்கு லாரி பேட்டரிகள் வாங்கி மாட்டியிருந்தான்.

எதிர் நாற்காலியில் தறிப்பட்டறைக்காரர் சுப்புராஜ். மறுநாள் பட்டறையில் தீபாவளி போனஸ். ஆளாளுக்குச் சீட்டு அடித்துத் தரவேண்டும்.

"மண்டை அங்குன இருக்கு, கண்ணு இங்குன இருக்குங்கிறீக. இப்ப மண்டைக்குக் கோளாறா, கண்ணுக்குக் கோளாறா தம்பி?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுங்கண்ணாச்சி."

"நான் பொறுத்துக்கிருவேன். பட்டறையில பொறுப்பானுகளா? இப்பவே வாய்லயே வெடி வெடிக்கிறானுக."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை.

யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று இன்பராஜ் கம்ப்யூட்டரைக் கேட்டான். இரண்டு பெயர்கள் வந்தன. முன்னறையில் அவன். பின்னறையில் வடிவு.

புரட்டாசியில் ஒரு மதியம், இதே போனஸ் கோப்பை அடித்துக்கொண்டிருந்தவள், குளிருகிறது என்று பாதியில் எழுந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வேனில் கொண்டுவந்தார்கள்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது பின்னறைத் திரை பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அத்தைதான் சுவிட்சை அமர்த்தினாள். வடிவின் அம்மா. அதோடு எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

திரையை அமர்த்தினால் திரைதான் அணையும். நடு அறையில் வடிவு இருந்துகொண்டேதான் இருந்தாள்.

இன்பராஜ் யாரிடமும் சொல்லவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினான். கருமாதியன்றும், மொட்டைத் தலையில் ஈரம் காயுமுன்னே, போய் ஊற்றிவிட்டு வந்தான்.

இப்போது அவளை வெளியேற்றினால் கோப்பு திறந்துகொள்ளும். முன்னறையில் இருந்தபடியே செய்யலாம். ஒரே வரி. அந்த அதிகாரம் அவனுக்கு மட்டும் உண்டு. அவள் அடித்துச் சேமிக்காமல் விட்டது போகும். அதை அவன் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பெரிய வேலையில்லை.

அந்த வரியை அடித்தான். என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அத்தை டீ கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன மாப்ள, மிசினு மக்கர் பண்ணுதா? ஒருக்க அமத்திட்டுப் போடுங்களேன். எங்க வீட்டு ரேடியோ அப்படித்தான் வழிக்கு வரும்."

"அதைச் செய்யுங்க தம்பி. அத்தைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே" என்றார் சுப்புராஜ்.

இன்பராஜ் அடித்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். டீயைத் தொடாமல் எழுந்து பின்னறைக்குப் போனான்.

சுவிட்சைப் போட்டான். திரை சூடேறி மெல்லப் பச்சை பிடித்தது.

ஒரு பெயரின் பாதியில் நின்றிருந்தது. தங்கசா.

பட்டறையிலிருந்து வந்த தாள்கள் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. தூசியை ஊதிவிட்டு உட்கார்ந்தான். நாற்காலி அவனுக்குத் தாழ்வாக இருந்தது. அழுகை வருமோ என்று பார்த்தான். வரவில்லை. 'மி' சேர்த்தான். அடுத்த பெயருக்குப் போனான்.

எல்லாம் முடிந்ததும் சேமித்து, கோப்பை மூடி, பிரின்டருக்கு அனுப்பினான். முன்னறையில் அது கரகரவென்று ஓடத் தொடங்கியது.

"தம்பி! இங்க ஆளே இல்லாம அடிக்குது!" சுப்புராஜின் சிரிப்பு வீடெல்லாம் கேட்டது.

அவன் போனபோது சிரிப்பு நின்றிருந்தது. சுப்புராஜ் ஒரு சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும், அடித்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில், சண்முகவடிவு என்று இருந்தது.

அவர் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

"வாரேன் தம்பி."

இன்பராஜ் முன்னறைத் திரையின் முன் உட்கார்ந்தான். டீ ஆறி ஆடை படிந்திருந்தது. இன்னொரு முறை கேட்டான். அதே இரண்டு பெயர்கள்.

வேலை முடிந்தவர் வெளியேறிவிட வேண்டும். சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

வெளியேறும் வரியை அடித்து, என்டரைத் தட்டினான். அவன் பெயர் போயிற்று.

நடு அறையில் கம்ப்யூட்டர் ஒருத்திக்காக ஓடிக்கொண்டிருந்தது.