துருவனின் தயவு

“தெரியுது பூரணம், தெரியுது. ஒண்டும் கதையாமல் நில்லு.”

ஏரம்பு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார். முற்றத்து ஈரமண்ணில் முழங்காலில் நின்று, இரும்புக் குழாய் ஒன்றுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்தார். குழாயின் நட்டநடுவில் துருவ நட்சத்திரம் நின்றது. மூன்று மாதமாக அவருக்கு முகம் காட்டாத நட்சத்திரம்.

மூன்று மாதமும் மாதகலில் மழை. மழை விட்ட நாட்களில் உச்சிவானம் கழுவித் துடைத்தது போல இருக்கும்; வடக்கே கடலுக்கு மேலே மட்டும் முகில் அசையாமல் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் துருவன் அடிவானத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில்தான் நிற்கிறது. அதை மறைக்க ஒரு துண்டு முகில் போதும்.

வாத்தியார் படம் பிடிக்க ஆசைப்பட்டது துருவனையல்ல, உச்சியில் நிற்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை. ஆனால் வானம் முழுவதும் துருவனைச் சுற்றித்தான் திரும்புகிறது. அவருடைய தொலைநோக்கியின் அச்சும் துருவனை நேரே பார்த்தால்தான், கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். அந்த அச்சில் பொருத்தியதுதான் இரும்புக் குழாய். குழாய்க்குள் துருவன் தெரிந்தால் அச்சு சரி.

துருவன் தெரியாமல் குத்துமதிப்பாக அச்சை வைத்து அவர் எடுத்த ஐந்து படங்களிலும் நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுபட்டிருந்தன. “வாத்தியார் வானத்திலை இடியப்பம் பிழிஞ்சிருக்கிறார்” என்று தபால் கந்தோர் தில்லைநாதன் வாசிகசாலையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார்.

வாத்தியாருக்கு அது நெஞ்சில் சுட்டது. கார்த்திகையில் ஆறல்ல, அறுபதுக்கு மேல் நட்சத்திரம் உண்டென்று அதே வாசிகசாலையில் மேசையில் தட்டிச் சொன்னவர் அவர். பொங்கலுக்குள் படத்தோடு வராவிட்டால் தொலைநோக்கியைக் கட்டிப் பரணில் போடுவதாக, கோபத்தில் சபதமும் செய்துவிட்டார். பொங்கலுக்கு இன்னும் மூன்றே நாள். படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

நேற்று மாலைகூட, லாந்தரும் கையுமாக மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கனிசியஸை மறித்து அவர் இந்தத் துயரத்தைக் கொட்டித் தீர்த்தார். இருபது வருடமாக வாத்தியாரின் வீட்டு வளவு வழியாகவே கரைக்குப் போய்வருகிற கனிசியஸ், குழாய்க்குப் பக்கத்தில் குந்தி வடக்கே பார்த்தான். அந்தத் துருவ வெள்ளியையும் படத்தில் பிடிக்க வேண்டுமா என்று கேட்டான். இல்லை, திசைக்கு மட்டும்தான் என்றார் வாத்தியார்.

“அப்ப ஏன் கவலைப்படுறியள் வாத்தியார்? முகில் மூடினாலும் அது நிக்கிற இடத்திலைதானே நிக்கும். இதிலையிருந்து பாத்தால், உந்த வளைஞ்ச பனையின்ரை தலை வட்டுக்குள்ளை.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. “காணாத வெள்ளியை நம்பிப் படம் எடுக்க நான் என்ன மந்திரவாதியே? விஞ்ஞானமெண்டால் கண்ணாலை காணவேணும் கனிசியஸ்.”

கனிசியஸ் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இன்றைக்கு என்னவென்றால், ஏழு மணிக்கே துருவன் குழாய்க்குள் வந்து நிற்கிறது. வாத்தியார் திருகாணிகளை இறுக்கிக்கொண்டே பூரணத்துக்குப் பாடம் நடத்தினார். நிறம் கொஞ்சம் சிவப்பாக இருப்பது அடிவானத்துக் காற்றால் என்றார்.

“வடக்கெல்லாம் கறுத்துக் கிடக்குதேயப்பா” என்றாள் பூரணம்.

“அந்த இடத்திலை மட்டும் முகில் கிழிஞ்சிருக்கு. துருவன் மனமிரங்கிட்டான்.”

பிறகு கடைசித் தட்டைச் செருகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் கைப்பிடியை மணிக்கூட்டு முள்ளைப் போல மெல்லமெல்லச் சுற்றினார். நுளம்பு பிடரியில் கடித்தபோதும் கை நிற்கவில்லை. பூரணம்தான் சேலைத் தலைப்பால் வீசிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்தப் படம் வந்துவிட வேண்டும் என்றிருந்தது. வராவிட்டால் பரணுக்குப் போவது தொலைநோக்கி மட்டுமல்ல, மனுசனின் சிரிப்பும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வாசிகசாலையே அவர் முற்றத்தில் நின்றது. தில்லைநாதன் தட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தார். தட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் பதியும்; கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள் தெரிந்தன. ஈ இருந்த அடையாளமோ என்று முதலில் கேட்டவர், நடுவில் பெரிய புள்ளிகள் ஆறும் கார்த்திகையின் வடிவிலேயே இருப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். கோடு இல்லை, இழுவை இல்லை. எழுபத்திரண்டு வரை எண்ணிவிட்டு, படத்தை மாட்ட வாசிகசாலைச் சுவரில் ஆணியைத் தானே அடிப்பதாகச் சொன்னார்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். கண்ணால் காணாததை நம்பக்கூடாது, முகில் விலகும்வரை காத்திருக்க வேண்டும், துருவனைக் கண்ணாரக் கண்டு அச்சை வைத்தபடியால்தான் இந்தப் படம் வந்தது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடலிலிருந்து அப்போதுதான் திரும்பிய கனிசியஸ், ஈரச் சாரத்தோடு பின்னால் நின்று அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு மெல்ல முன்னால் வந்தான்.

“வாத்தியார், படம் விழுந்திட்டுதெண்டால், அந்த வளைஞ்ச பனையிலை கட்டின என்ரை லாந்தரை இறக்கட்டே?”