டிரம்மருக்கு வந்த சாவு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த ராக் இசைக்குழுவின் கட்டுரையைச் சலூன்காரர்தான் தொடங்கினார். முகம் தெரியாத பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இன்று யாரோ, 'டிரம்மர் காலமானார்' என்று சேர்த்திருந்தார்.

டிரம்மர் என்றால் சலூன்காரருக்கு உயிர். உடனே அழித்தார். அது மறுபடி வந்தது. அப்படிச் சேர்த்தவரோடு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சண்டை மூண்டது.

"அவரு சாகலைங்க! ஆதாரம் எங்க?"

"பாடைக்குத் தோள் கொடுத்தவனே நான்தான் தம்பி!"

"பொய்!"

"அப்போ ஆளை உயிரோட காட்டுங்க. நானே அழிச்சிடறேன்."

நாற்காலியில் பாதித் தாடியோடு இருந்தவர் கத்தினார்: "அண்ணே, அங்க யாரு செத்தா எனக்கென்ன? மீதிய எடுங்க!"

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று தட்டினார்.

அப்படியொரு குழுவே கிடையாது. ஆள் வராத ஒரு மதியத்தில், டிரம்மர் உட்பட நால்வரையும் கற்பனை செய்தவர் அவரேதான்.